கருத்துப் பிழை

ஹால் டிக்கெட்டா? ஆமாம்மா, என்னுதுதான். போட்டோவைப் பாத்துட்டு என் மூஞ்சியைப் பாக்குறியே, நான்தான் அது. பேத்திக்கு வாங்கிட்டுப் போறேன்னு நெனச்சியா? மத்தியானம் பூரா உக்காந்து எழுதிட்டு வர்றேன். பி.எஸ்சி. பிசிக்ஸ். தபால்லதான். சிரிச்சுக்கோ, பரவால்ல, எல்லாரும் சிரிக்கிறதுதான். ஹாலுக்குள்ள நான் நுழைஞ்சதும் மேற்பார்வைக்கு வந்த தம்பி எழுந்து நின்னு, "குட் ஆஃப்டர்நூன் மேடம்"னுச்சு. யாரோ பெரிய அதிகாரி சோதனைக்கு வந்திருக்காங்கன்னு பயந்திருச்சு பாவம். நான் நேரா போயி ஒரு பெஞ்சுல உக்காந்து பேனா மூடியைக் கழட்டினதும் அது முகம் போன போக்கைப் பாக்கணுமே.

இடம் பத்துதா உனக்கு? இந்தப் பஸ்ல துறையூர் வரைக்கும்தானே போறே? நானும் அங்கதான். பேசிக்கிட்டே போனா நேரம் போறது தெரியாது. காதுல மாட்டியிருக்கியே, அதைக் கழட்டினாலும் சரி, ஒரு பக்கம் மட்டும் வெச்சுக்கிட்டாலும் சரி. எனக்கு ஒரு காது போதும்.

என் பேரு இந்திராணி. ஒரு மில் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டா இருந்தேன். வீட்டுக்காரர் போய்ச் சேந்து நாலஞ்சு வருஷம் ஆகுது. பிளஸ் டூவுல பிசிக்ஸ்னா எனக்கு உயிரு. ரிசல்ட்டு வர்றதுக்குள்ள கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க. அதைப் பத்தி எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, அவரு நல்ல மனுஷன். ஆனா ரிட்டயர் ஆனதும், வீட்டுல சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தப்போ, சரி, விட்ட இடத்துலேருந்து தொடரலாமேன்னு தோணுச்சு. பீஸ் கட்டிட்டேன்.

எல்லாப் பேப்பரும் பாஸ். ஒண்ணே ஒண்ணு தவிர. பொருட்பண்புன்னு ஒரு பேப்பர், அதுல பாதிக்கு மேல பாய்மம். பாய்மம்னா ஃப்ளூயிட். தண்ணி, எண்ணெய், காத்து, எதெல்லாம் ஓடுமோ அதெல்லாம் பாய்மம். அதை இன்னியோட மூணாவது தடவை எழுதுறேன். முதல் ரெண்டு தடவையும் ஃபெயில். தெரியாம இல்ல, வேணும்னே ஃபெயில்.

ஏன்னு கேளேன். சரி, நானே சொல்றேன்.

எனக்கு ஒரே பையன். ஜெயசீலன். கனடாவுல இருக்கான். அங்க தண்ணிக் குழாய் டிசைன் பண்ற கம்பெனியில என்ஜினியர். ஒரு ஊருக்குத் தண்ணி எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்துல போகணும்னு இவன் வரைஞ்சு குடுத்தாத்தான் அவன் அவன் குழியே தோண்டுவான். பொண்டாட்டி தாரணி, ஒரு பொண்ணு ஆதிரை. நல்லா இருக்காங்க. முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். சாப்ட்டியா, மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டினியா. மூணு கேள்வி. மூணுக்கும் ஆமா ஆமான்னு சொல்லிட்டு ரெண்டு பேரும் சும்மா இருப்போம். "சரிம்மா, வெச்சுரட்டா"ம்பான். "வைப்பா"ம்பேன். அவ்வளவுதான். அவன் மேல குத்தம் சொல்லல. பேசுறதுக்கு என்ன இருக்கு? நான் பாத்த மனுஷாளை அவனுக்குத் தெரியாது, அவன் பாக்குற மனுஷாளை எனக்குத் தெரியாது.

அப்பத்தான் இந்தப் பாய்மம் வந்துச்சு.

முதல் டவுட் நெசமான டவுட்டும்மா. பொய்யில்ல. ஒரு தொட்டி, மேல மூடியில்ல. அஞ்சு மீட்டர் உயரத்துக்குத் தண்ணி நிக்குது. அடியில சின்னதா ஒரு ஓட்டை. தண்ணி எவ்வளவு வேகத்துல வெளிய வரும்? பாக்க எவ்வளவு சாதுவா இருக்கு பாத்தியா? நான் தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன், வரவே இல்ல. கணக்குக்கு அடியில 'பாகுநிலையைப் புறக்கணிக்கவும்'னு வேற போட்டிருந்தாங்க. எனக்குத் தெரிஞ்ச புறக்கணிப்பெல்லாம் கல்யாண வீட்டுல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவாங்களே, அதுதான். தண்ணியை எப்படிப் புறக்கணிக்கிறது? போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அவனுக்கு அனுப்பிட்டு, பதில் வராதுன்னு நெனச்சுக்கிட்டு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன்.

போன் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை இல்ல, புதன்கிழமை! எனக்குக் கை கால் ஓடல, என்னவோ ஏதோன்னு. "அம்மா, அந்தத் தொட்டிக் கணக்கு"ன்னு ஆரம்பிச்சான் பாரு. "மேல தண்ணி மட்டத்து மேல காத்து அமுக்குதில்ல? ஓட்டை வாசல்லயும் அதே காத்துதாம்மா அமுக்குது. ரெண்டு பக்கமும் ஒரே பாரம். சமன்பாட்டுல ரெண்டும் அடிபட்டுப் போயிரும். பாரம் இல்லாம இல்ல, கணக்குல தெரியாது, அவ்வளவுதான்"னான். பாகுநிலைன்னா தண்ணியோட பிசுபிசுப்பு, "அது இருக்கு, ஆனா இப்போதைக்கு இல்லைன்னு வெச்சுக்கோம்மா"ன்னான். அது எனக்குப் பழக்கம்தான்னேன். சிரிச்சான். என் பிள்ளை சிரிச்சு நான் கேட்டு எத்தனை காலமாச்சுன்னு அப்பத்தான் உறைச்சுது. விடை வந்துருச்சு, செகண்டுக்குப் பத்து மீட்டர். வந்த பிறகும் போனை வைக்கல. ஓட்டையை இன்னும் மேல போட்டா என்ன ஆகும், ரெண்டு ஓட்டை போட்டா என்ன ஆகும்னு பேசிக்கிட்டே இருந்தான். சின்ன வயசுல பிளாஸ்டிக் குடத்துல கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டு என்கிட்ட அடி வாங்கினானே, அதையெல்லாம் ஞாபகம் வெச்சிருக்கான்.

மறுநாள் ஒரு கணக்கைச் சரியா போட்டு அனுப்பினேன். பெருமையா. கட்டை விரலைத் தூக்கிக் காட்டுமே ஒரு பொம்மை, அது மட்டும் வந்துச்சு. போன் வரல.

அதுக்கு மறுநாளு தப்பா போட்டு அனுப்பினேன். போன் வந்துருச்சு.

இப்பப் புரியுதா?

தப்பு பண்றது லேசுப்பட்ட காரியம்னு நெனைக்காதே. கூட்டல்ல தப்பு விட்டா, "கால்குலேட்டர்ல போட்டுப் பாரும்மா"ன்னு ஒரு வரி. மீட்டர், கிலோன்னு போட மறந்தா சிவப்பா ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவான், பேச்சே இருக்காது. கருத்துல தப்பு விடணும். கருத்துப் பிழை. அதைத்தான் எழுத்துல புரிய வைக்க முடியாது, போன் பண்ணித்தான் ஆகணும். அதுலயும் ஒரே தப்பை ரெண்டு தடவை விடக் கூடாது. "போன வாரம்தானேம்மா சொன்னேன்"ம்பான், குரல்ல ஒரு அலுப்பு வரும். அது ஆகாது. புதுசு புதுசா விடணும். அதுக்கு முதல்ல சரியான வழி எனக்குத் தெரிஞ்சிருக்கணும் இல்லையா? காலையில சரியா போடுவேன். சாப்ட்டு எந்திரிச்சு எங்க வழுக்கி விழலாம்னு யோசிச்சு அதே கணக்கைத் தப்பா போடுவேன். சாயங்காலம் விளக்கேத்திட்டு அனுப்புவேன். அங்க அப்போ காலை நேரம்.

குழாயோட விட்டம் பாதியாச்சுன்னா தண்ணி வேகம் ரெண்டு மடங்காகும்னு ஒரு தடவை எழுதினேன். ஓஸ் வாயைக் கட்டை விரலால அமுக்கிச் செடிக்குத் தண்ணி விடுறவ நான், எனக்கா தெரியாது அது எப்படிப் பீச்சும்னு? "வட்டம்மா, வட்டம்! விட்டம் பாதின்னா பரப்பு கால். வேகம் நாலு மடங்கும்மா!"ன்னு அவன் அடிச்சுக்கறான். நான் "ஓ"ங்கறேன். அந்த "ஓ" ரொம்ப முக்கியம். சீக்கிரம் சொல்லிட்டா போனை வெச்சுருவான். லேட்டா சொன்னா, அம்மாவுக்கு மண்டையில ஏறல, வயசாயிருச்சுன்னு பயந்துருவான். நடுவுல சொல்லணும்.

நீ சிரிக்கிறே. சிரி, சிரி. ஒண்ணு சொல்றேன் கேளு. எங்க வீட்டுல பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. பால்காரர் பாக்கெட்டை வாசல்ல வெச்சுட்டுப் போயிருவார். மாடியில குடியிருக்கறவங்க காலையில போனா ராத்திரிதான் வருவாங்க. சாயங்காலம் போனை எடுத்து "ஹலோ"ன்னு சொல்றேன் பாரு, அதுதான் அன்னிக்கு என் வாயிலேருந்து வர்ற முதல் வார்த்தை. கரகரன்னு வரும். "சளி பிடிச்சிருக்காம்மா?"ன்னு கேப்பான். ஆமாப்பா, லேசாம்பேன். வருஷம் பூரா சளின்னு நெனச்சுக்கிட்டிருக்கான் அவன். அப்புறம் போன் வர்றதுக்கு முன்னாடி சமையல்கட்டுல நின்னு கொஞ்சம் சத்தமா ஏதாவது படிச்சுப் பாத்துக்க ஆரம்பிச்சேன், தொண்டையைச் சரி பண்ணிக்க. ரொம்பத் தனியா இருந்தேம்மா. இதைச் சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

மின்சாரத்துலயும் டவுட் கேட்டுப் பாத்தேன், ஒளியியல்லயும் கேட்டுப் பாத்தேன். "எனக்கே மறந்து போச்சும்மா, யூடியூப்ல பாரு"ன்னுட்டான். பாய்மம்தான் அவன் சோறு. அதுலதான் அவன் வாயைத் திறப்பான். அப்போ நான் அந்தப் பேப்பரைப் பாஸ் பண்ணிட்டா என்ன ஆகும்? அதான் ஃபெயில் ஆனேன். தெரிஞ்ச கணக்கைக் கண்ணெதிர்ல வெச்சுக்கிட்டு, போடாம, பேப்பரை மடிச்சுக் குடுத்துட்டு வர்றதுக்கு எவ்வளவு மனசைக் கல்லாக்கிக்கணும் தெரியுமா? கை அரிக்கும். ரெண்டாவது தடவை முக்கால்வாசி போட்டுட்டு அப்புறம் அடிச்சேன்.

சரி, இந்தத் தடவை ஏன் ஒழுங்கா எழுதினேன்னு சொல்லணும். அதுதான் விஷயம்.

முன்னெல்லாம் அவன் கார் ஓட்டிக்கிட்டே பேசுவான். சிக்னல்ல வண்டி நின்னாத்தான் கணக்கு நகரும். ஆபீஸ் வந்ததும் "வெச்சுரட்டாம்மா"ம்பான். போன தீபாவளிக்கு அப்புறம் எல்லாம் மாறிப் போச்சு. நான் அனுப்பி முடிக்கிறதுக்குள்ள கூப்புடுறான். அதுவும் வீடியோவுல. அவனுக்கு அது சரியான ஆபீஸ் நேரம், ஆனாலும் அவசரமே கிடையாது. ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். பெரிய பதவி குடுத்து தனி ரூம் குடுத்துட்டாங்க போலிருக்கு. சொல்லிக்க மாட்டான், அவங்க அப்பா மாதிரி. பின்னாடி வெறும் வெள்ளைச் சுவரு, ஓரமா ஒரு மடக்குக் கட்டில். அங்கெல்லாம் ஆபீஸ்லயே படுக்கை போட்டுக் குடுத்துருக்கான் பாரு, அவ்வளவு வசதி. சட்டையெல்லாம் இஸ்திரி போட வேண்டாமாம். பனியனோட கூட உக்காந்துக்கலாம் போல. தாடி வேற வளத்துக்கிட்டிருக்கான். நான் கேட்டா, "இப்ப இதாம்மா பேஷன்"ங்கறான். காரைக் கூட வித்துட்டானாம். பஸ்ல போறதுதான் ஊருக்கு நல்லதுன்னு. சின்னதுலேருந்தே அவனுக்குப் பொதுநலம் ஜாஸ்தி.

என்ன? ஆமாம், ஆபீஸ்லதான். ஏன் கேக்குறே?

என் வருத்தமெல்லாம் தாரணி மேலதான். போன்ல தலையே காட்ட மாட்டேங்கறா. கேட்டா, பொண்ணைக் கூட்டிக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்றான். அக்கா வேற ஊரு, பிளேன்ல போகணும். பொங்கலுக்குக் கேட்டேன், அக்கா வீடு. தமிழ் வருஷப் பிறப்புக்குக் கேட்டேன், அக்கா வீடு. அங்க பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு லீவு விடுவாங்களான்னு தெரியல. இவன் என்கிட்ட, "ரசத்துக்கு எவ்வளவு புளிம்மா? ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசிம்மா?"ன்னு கேக்குறான். சொல்லிக் குடுத்தேன். ஒரு பொம்பளை புருஷனை இப்படியா விட்டுட்டுப் போவா? வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல. மாமியார் வாயைத் திறந்தா வேற மாதிரி ஆயிரும்.

அப்புறம்தாம்மா அவன் தப்பு விட ஆரம்பிச்சான்.

யாரு, நம்ம என்ஜினியர்! முதல்ல ஒண்ணு ரெண்டு. அடர்த்தியை எடுத்துக்கிட்டு வந்து பெருக்க மறந்துட்டான். சரி, அவசரம்னு நெனச்சேன். இன்னொரு நாள் கடலுக்கு அடியில நீர்மூழ்கிக் கப்பல் மேல எவ்வளவு அழுத்தம்னு ஒரு கணக்கு. மேல இருக்கற காத்தோட அழுத்தத்தைச் சேக்கவே இல்ல. "மொத்த அழுத்தம்னு கேட்டிருக்கான்டா, காத்தை எங்கடா விட்டே?"ன்னேன். "அட, ஆமாம்மா! எப்படிம்மா கண்டுபிடிச்சே?"ங்கறான். அது ஒரு பெரிய விஷயமா? தப்பு விடுறது என் வேலை. அதையும் அவனே பண்ணா நான் என்ன பண்றது?

கடைசியா ஒரு ஐஸ் கணக்கு. டம்ளர் நிறையத் தண்ணி, அதுல ஒரு ஐஸ் கட்டி மிதக்குது. அது உருகினா தண்ணி மட்டம் ஏறுமா, எறங்குமா, அப்படியே இருக்குமா? பத்தாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியும், அப்படியே இருக்கும்னு. இவன் ஏறும்னு எழுதி அனுப்பியிருக்கான். வருஷத்துல பாதி நாள் ஐஸ்லயே குடியிருக்கறவன்! "இல்லடா, மிதக்குறப்பவே அது தன் எடைக்குச் சமமான தண்ணியை ஒதுக்கிருச்சு, உருகினா அதே எடத்தைத்தான் ரொப்பும்"னேன். "புரியலம்மா"ன்னான். இன்னொரு தரம் சொன்னேன். "இன்னொரு தடவை சொல்லும்மா"ன்னான். எனக்குக் கோவம் வந்துருச்சு. இருடா, கண்ணால பாருன்னு போனைச் சர்க்கரை டப்பா மேல சாத்தி வெச்சுட்டு, டம்ளர்ல தண்ணி ஊத்தி ஐஸைப் போட்டு, மட்டம் நிக்கிற இடத்துல அடையாளத்துக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினேன். ஆதிரை வந்திருந்தப்போ விட்டுட்டுப் போன அட்டை, பிரிட்ஜ் கதவுல ஒட்டிக்கிட்டே கிடந்துச்சு.

"அது பாப்பா பொட்டாம்மா?"ன்னான்.

ஆமாடான்னேன். ஐஸ் உருக நேரமாகும்தானே, நான் பாட்டுக்கு அவரைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன். அவன் பாத்துக்கிட்டே இருந்தான். ஐஸ் முழுசா உருகுற வரைக்கும் வைக்கவே இல்ல. மட்டம் பொட்டுலயே நின்னுச்சு. "பாத்தியாடா, ஏறுச்சா?"ன்னு நிமிந்து பாக்குறேன், அவன் கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு. என்னடான்னேன். கம்ப்யூட்டரைப் பாத்துப் பாத்து எரியுதாம். "பாப்பாவைப் பாக்கணும் போல இருக்கும்மா"ன்னான். சாயங்காலம் வீட்டுக்குப் போனா பாக்கப்போறே, இல்லாட்டி அக்கா வீட்டுலேருந்து வந்ததும் பாக்கப்போறே, அதுக்குள்ள என்னடா ஏக்கம்னு நல்லா ஒரு அதட்டுப் போட்டேன்.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. யோசிச்சுப் பாத்தேன். இவ்வளவு படிச்சவன் எப்படி இவ்வளவு தப்பு விடுறான்? மண்டை காஞ்சு போச்சு அவனுக்கு. ஆபீஸ் வேலை ஒரு பக்கம், என் வேலை ஒரு பக்கம். நாளெல்லாம் அம்மாகூட தொட்டியும் குழாயும்னு உக்காந்திருந்தா எந்தப் பொண்டாட்டிக்குத்தான் பிடிக்கும்? அவ அக்கா வீட்டுல போயி உக்காந்துக்கிட்டதுக்குக் காரணம் வேற யாரு, நான்தான். எனக்குப் பேச்சுத் துணை வேணும்ங்கறதுக்காக என் பிள்ளை குடும்பத்துல கையை வெச்சுட்டேன். சுரீர்னு இருந்துச்சும்மா. அப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்தத் தடவை பாஸ். அவனை விட்டுரணும்.

சுலபமா சொல்லிட்டேன், ஆனா சுலபமில்ல. எனக்கு இருந்த சாக்கு அது ஒண்ணுதான். இன்னிக்கு அந்தக் கேள்வித்தாளைக் கையில வாங்கினப்போ, ஒரு நிமிஷம் கையே வரல. அப்புறம் எழுத ஆரம்பிச்சேன் பாரு, எல்லாத்தையும் எழுதினேன். தப்பே இல்ல. எத்தனை காலமா அடக்கி வெச்சிருந்த கணக்கு! பேப்பர் மேல பேப்பரா வாங்கினேன். தொண்ணூறுக்குக் கொறையாது.

காலையில கிளம்பும்போதே அவன்கிட்ட சொல்லிட்டேன். இதோட டவுட்டெல்லாம் முடிஞ்சுதுப்பா, இந்தத் தடவை அம்மா கட்டாயம் பாஸ்னு. சந்தோஷம்மான்னான். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்போ நாளைக்கு?"ன்னான். நாளைக்கு என்னடா இருக்கு, கணக்குதான் முடிஞ்சிருமேன்னேன். "ஆமால்ல"ன்னான்.

இந்தா, போன்ல ஏதோ வந்திருக்கு பாரு. அவன்தான். கண்ணாடியைப் பைக்குள்ள எங்கயோ போட்டுட்டேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்.

எம்.எஸ்சி.யா? என்னை எம்.எஸ்சி. சேரச் சொல்றானா? முதல் வருஷத்துலயே பாய்ம இயக்கவியல் தனிப் பேப்பரா இருக்காமா? அப்ளிகேஷன் அவனே போட்டுர்றானாமா? 'கணக்கெல்லாம் ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா, நெறைய டவுட் வரும், நான் இருக்கேன்'னா எழுதியிருக்கான்? பாத்தியா, என்ன நல்ல மனசு பாரு என் பிள்ளைக்கு! அவ்வளவு வேலைக்கு நடுவுலயும் அம்மா படிக்கணும்னு நெனைக்கிறான் பாரு.

இல்லம்மா, வேண்டாம். அவன் சொல்லுவான், நமக்கு அறிவு வேணாம்? எனக்கு இந்தப் பஸ் குலுக்கல்ல எழுத்து அடிக்க வராது, நீயே அடி. நான் சொல்றேன். 'வேண்டாம்ப்பா. அம்மாவுக்குப் படிச்சது போதும். இனிமே என்னால உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. நீ உன் குடும்பத்தைப் பாரு. ஞாயித்துக்கிழமை பேசு, அது போதும்.' அடிச்சிட்டியா? அனுப்பு.

ஏன் அப்படியே கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?

என்னது? அவனுக்கு நான் வேணுமா? நல்லா சொன்னே போ. அவனுக்கு என்னம்மா கொறைச்சல்? பொண்டாட்டி இருக்கா, பிள்ளை இருக்கா, தனி ரூம் குடுத்திருக்கான். அவன் எப்படி இருக்கான்னு கேட்டீங்களாங்கறியே, கேக்காமலா இருப்பேன்? தினமும் கேக்குறேன். நல்லா இருக்கேன்மாங்கறான். பெத்தவகிட்ட யாராவது பொய் சொல்லுவாங்களா?

குடு இங்க. இரு, கண்ணாடி கிடைச்சிருச்சு. நானே அழுத்திக்கறேன்.

போயிருச்சு. ரெண்டு டிக்கு விழுந்திருச்சு. பாரு, பாரு, நீலமாயிருச்சு! அடிச்ச கையோட பாத்துட்டான். ஆபீஸ் நேரத்துல கூட எவ்வளவு சுறுசுறுப்பு பாரு. ஏதோ எழுதுறான், மேல காட்டுது. நின்னுருச்சு. திரும்ப எழுதுறான். நின்னுருச்சு.

வேலை வந்திருக்கும், பாவம். எந்திரிம்மா, ஸ்டாண்டு வந்துருச்சு.